மாட்டுங்கா உணவு விடுதிகளும் மனமறியும் கலையும்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பை நாடி வெளிமாநிலம் செல்பவனுக்கு முதலில் வேண்டுவன இரண்டு. ஒன்று தலை சாய்க்க ஓர் இடம்; மற்றொன்று வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் உணவு. இடம் எத்தகையதாயினும் சில மாதங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காலந்தள்ளிவிடலாம். உணவு அப்படியன்று. நாக்குக்குப் பழகிய சுவை கிடைக்காத ஊர், எவ்வளவு பெரிய நகரமாயினும், அயலூராகவே இருக்கும். ஆகவேதான் கல்கத்தாவிலும் தில்லியிலும் பம்பாயிலும் தமிழர் குடியேறிய பகுதிகளின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால், கோயிலும் பள்ளியும் சபையும் தோன்றியதோடு கூடவே உணவு விடுதியும் தோன்றியிருப்பதைக் காண்கிறோம். கோயிலைக் கட்டியவர் பெயர் கல்லில் இருக்கிறது. பள்ளியை நிறுவியவர் படம் சுவரில் தொங்குகிறது. இலையின் முன் நின்று, "இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?" என்று கேட்டவரின் பெயரை மட்டும் எவரும் எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றிச் சிறிது பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்று ஹோட்டல் நிர்வாகம் கற்பிக்கும் கல்லூரிகளில் 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' என்னும் ஆங்கிலச் சொற்றொடர் பெரிதும் வழங்குகிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என்போன்றோர் அதனை 'உணர்வுசார் நுண்ணறிவு' என்று பெயர்த்துக் கோப்புகளில் எழுதுகிறோம். பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் 1990இல் இதற்கு இலக்கணம் வகுத்தனர். தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் கண்டறிந்து, அவற்றை வேறுபடுத்தி உணர்ந்து, அவ்வறிவைக் கொண்டு தன் எண்ணத்தையும் செயலையும் நெறிப்படுத்தும் ஆற்றல் என்பது அவர்கள் கொண்ட பொருள். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் இச்சொல்லைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. இவ்வாற்றலை அளவிடும் முறை பற்றி அறிஞரிடையே இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. எனினும் பெயர்தான் புதிதேயொழியப் பொருள் நமக்குப் புதிதன்று. நம் வீட்டுப் பெரியவர்கள் இதனை 'இங்கிதம்' என்ற ஒரே சொல்லில் அடக்கினர். வடமொழியிலிருந்து வந்த அச்சொல்லின் மூலப்பொருளே, உள்ளக் குறிப்பை வெளிக்காட்டும் மெய்ப்பாடு என்பதாகும். அக்குறிப்பை உணர்ந்து நடப்பவரையே இங்கிதம் தெரிந்தவர் என்றோம்.

இந்த இங்கிதம் ஒரு தொழிலாக வளர்ந்த இடங்களுள் மாட்டுங்காவும் ஒன்று. அதன் வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

1896இல் பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கியது. நெருக்கமான குடியிருப்புகளே நோய்க்கு உறைவிடம் என்று கருதிய அரசு, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அமைத்தது. அந்த டிரஸ்ட் வடக்கே தாதர், மாட்டுங்கா பகுதிகளில் நிலங்களைத் திருத்தி, அகன்ற வீதிகளும் பூங்காக்களும் கொண்ட புதிய குடியிருப்பைத் திட்டமிட்டது. 1920களிலும் 1930களிலும் அங்கே மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் வணிக நிறுவனங்களிலும் குமாஸ்தாக்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் கணக்கர்களாகவும் வேலைக்கு வந்த தென்னிந்தியர் அவ்வீடுகளில் குடியேறினர். 1923இல் ஆஸ்திக சமாஜமும், 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் தோன்றின. 1952இல் தொடங்கிய ஷண்முகானந்த சபை, 1963இல் தன் பெரிய அரங்கைத் திறந்தது. இப்பகுதியின் குடியிருப்பு வரலாற்றை ஆராய்ந்து 2013இல் நூல் வெளியிட்ட நிகில் ராவ் என்னும் வரலாற்றறிஞர், சொந்த ஊரில் பல சாதியராகவும் பல மொழியினராகவும் இருந்தோர் இங்கு வந்தபின் 'தென்னிந்தியர்' என்னும் ஒரு பொதுப்பெயருக்குள் எவ்வாறு இணைந்தனர் என்பதை விளக்குகிறார்.

அவ்வாறு இணைந்ததில் உணவு விடுதிக்கும் பங்குண்டு. மைசூர் கஃபே 1936இலும், ராம் ஆஸ்ரயா 1939இலும், கஃபே மெட்ராஸ் 1940இலும் தோன்றியவை என்பர். ரயில் நிலையத்தை ஒட்டி ஏ. ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ராம நாயக் சிறுவனாகப் பம்பாய்க்கு வந்து, சமையற்கட்டில் எடுபிடி வேலையிலிருந்து தொடங்கியவர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த தனியாட்களுக்கு இத்தகைய போர்டிங்குகளே வீடாக விளங்கின. காலையில் காபியும் இட்லியும், நண்பகலில் சாப்பாடு, மாலையில் மீண்டும் காபி என்று அவர்களுடைய நாள் முழுவதும் ஒரே கூரையை மையமாகக் கொண்டு சுழன்றது.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியொன்று உண்டு. 'நம் ஊர்ச் சாப்பாடு' என்று தமிழர் மனமகிழ்ந்து உண்ட விடுதிகளுள் பெரும்பாலானவற்றை நடத்தியவர்கள் தமிழர் அல்லர். பரிமாறியவர்களிலும் பலர் தமிழர் அல்லர். தென்கன்னட மாவட்டத்திலிருந்து வந்த துளுவரும் கொங்கணியரும் கன்னடியரும் அவர்கள். உடுப்பிக் கிருஷ்ணன் கோயிலைச் சுற்றியுள்ள மடங்களில் தழைத்த சமையற்கலை, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை, பெங்களூர், பம்பாய் ஆகிய நகரங்களுக்குப் பரவியது. பெங்களூரில் 1924இல் மையா சகோதரர்கள் தொடங்கிய விடுதி பின்னர் 'மாவள்ளி டிஃபன் ரூம்ஸ்' என்று பெயர் பெற்றது. சென்னையில் கே. கிருஷ்ண ராவ் 1938இல் உட்லண்ட்ஸைத் தோற்றுவித்தார். அந்த அலையின் ஒரு கிளையே மாட்டுங்காவுக்கு வந்தது. துளு பேசும் வீட்டில் பிறந்து, கன்னடம் படித்து, பம்பாயில் மராத்தியும் இந்தியும் கற்று, வாடிக்கையாளருக்காகத் தமிழையும் பழகிக்கொண்ட இளைஞர் ஒருவர்தான் நம்மவருக்கு ரசம் ஊற்றினார். அயலூரில் நம்மை நம் மொழியிலேயே உபசரித்தவரும் அவ்வூருக்கு அயலாரே. அவரும் அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வந்தவரே. இவ்வொற்றுமையை நம்மில் எத்தனை பேர் அன்று உணர்ந்தோம்?

விருந்தோம்பலைத் தனி அதிகாரமாக்கிப் போற்றியது திருக்குறள். விருந்தினரின் உள்ளம் அனிச்ச மலரினும் மெல்லியது. முகம் சற்று மாறுபட்டாலே அது வாடிவிடும் என்பது அவ்வதிகாரத்தின் கருத்துகளுள் ஒன்று. ஆயினும் அங்கே பேசப்படும் ஓம்புநர் இல்லறத்தார். அவருக்கு வீடு சொந்தம், சோறு சொந்தம், விருந்தினரை வரவேற்பதால் வரும் புகழும் சொந்தம். உணவு விடுதியில் பரிமாறுபவருக்கு இம்மூன்றும் சொந்தமில்லை. வருபவரும் ஒருநாள் விருந்தினரல்லர். காசு கொடுத்து உரிமையோடு அமர்பவர். அப்படியிருந்தும் முகம் மாறாமல் அவர் நிற்க வேண்டும். அதுவும் நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் முன் நிற்க வேண்டும். இல்லறத்தார்க்கு அறமாக இருந்தது, இங்கே ஊதியத்துக்குரிய உழைப்பாக மாறுகிறது. இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் உபசாரத்தைப் பற்றிப் பேசுவது பொருந்தாது.

அவ்வுழைப்பு எத்தகையது என்று பார்ப்போம். விடுதியில் பரிமாறுபவர் ஒரே வேளையில் ஐந்தாறு மேசைகளைக் கவனிக்கிறார். ஒருவர் அவசரமாக ரயிலைப் பிடிக்க வேண்டியவர். அவருக்குப் பேச்சு வேண்டாம், தட்டு விரைவில் வந்தால் போதும். ஒருவர் முதியவர், அவருக்கு இட்லி சூடாகவும் மெத்தென்றும் இருக்க வேண்டும். ஒருவர் மாதக் கடைசியில் பையில் இருக்கும் சில்லறையை எண்ணிக்கொண்டு வந்தவர். அவரிடம் விலை கூடிய பண்டத்தின் பெயரைச் சொல்லாதிருப்பதே மரியாதை. ஒருவர் அலுவலகத்தில் மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கிவிட்டு வந்து, சட்னி சரியில்லை என்று சீறுபவர். அச்சீற்றம் சட்னியைப் பற்றியதன்று என்று அறிந்து, பதில் பேசாமல் வேறு சட்னி கொண்டுவந்து வைப்பதே அறிவு. இவற்றையெல்லாம் யாரும் அவருக்கு வகுப்பில் கற்பிக்கவில்லை. மேசை துடைக்கும் பையனாக நுழைந்து, தண்ணீர் வைப்பவராகி, பின்னர் சர்வராகி, மூத்தவர்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அந்தப் படிகளில் ஏறிக் கல்லாப்பெட்டிக்கும், பின்னர்ச் சொந்த விடுதிக்கும் வந்தவர்களும் உண்டு. கீழ்ப்படியில் நின்றவர் மேற்படியைக் காண முடிந்தது என்பதும் அவர் பொறுமைக்கு ஓர் ஊன்றுகோலாக இருந்தது.

ஆயினும் இங்கிதத்தைத் தனிமனிதரின் குணமாக மட்டும் கொண்டுவிடுதல் தவறு. இதனை முதலில் ஆராய்ந்து காட்டியவருள் ஒருவர் வில்லியம் ஃபூட் வைட் என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞர். அவர் 1944, 1945ஆம் ஆண்டுகளில் சிகாகோ நகர உணவு விடுதிகளை ஆராய்ந்து, 1948இல் நூலொன்றை வெளியிட்டார். கூட்டம் மிகுந்த வேளைகளில் பரிமாறும் பெண்கள் சிலர் மனமுடைந்து அழுதுவிடுவதையும், வேறு சிலர் கலங்காமல் பணிபுரிவதையும் அவர் கண்டார். கலங்காதவர்கள் வாடிக்கையாளரின் கட்டளைக்குக் காத்து நிற்பதில்லை. தாமே முந்திச் சென்று பேச்சைத் தொடங்கி, உண்பவரை வழிநடத்தினர் என்பது அவர் கண்ட உண்மை. மற்றொன்றும் கண்டார். பரிமாறுபவருக்கும் சமையற்காரருக்கும் இடையே நேர்ந்த பூசலே பெரும்பாலும் உண்பவரிடம் சினமாக வெளிப்பட்டது. தம்மினும் தாழ்ந்த நிலையினர் என்று கருதிய பெண்கள் குரல் கொடுத்து ஏவுவதைச் சமையற்காரர்கள் பொறுக்கவில்லை. தேவையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஒரு கம்பியில் குத்திவைத்துவிட்டால், சமையற்காரர் தாமே அதை எடுத்துப் பார்த்துச் செய்வார், பூசல் குறையும். ஒரு சிறு கம்பி, பல மனங்களைக் காத்தது.

நம் விடுதிகளிலும் இத்தகைய ஏற்பாடுகள் உண்டு. முன்னதாகப் பணம் செலுத்திச் சீட்டு வாங்குதல், வரிசை எண்ணைக் கூப்பிட்டபின் உட்காருதல், அளவுச் சாப்பாட்டுக்கும் அளவில்லாச் சாப்பாட்டுக்கும் வெவ்வேறு விலை எழுதி வைத்தல் ஆகிய இவையெல்லாம் வெறும் கணக்கு வசதிக்காக மட்டும் ஏற்பட்டவையல்ல. எனக்கு முன் அவரை ஏன் உட்கார வைத்தாய் என்ற சச்சரவு பரிமாறுபவர் தலையில் விழாமல் தடுப்பவை இவை. முறை தெளிவாக இருக்குமிடத்தில் முகமலர்ச்சி எளிதாகிறது. முறை இல்லாத இடத்தில் எத்தனை இனியவரும் இரண்டு மணி நேரத்தில் கடுகடுத்துவிடுவார். மையா சகோதரர்களுள் ஒருவரான யக்ஞநாராயண மையா 1951இல் ஐரோப்பா சென்று உணவு விடுதிகள் நடக்கும் விதத்தைக் கண்டு திரும்பித் தூய்மையிலும் ஒழுங்கிலும் புதிய முறைகளைப் புகுத்தினார். பெங்களூரில் உண்ண வருவோர் சமையற்கூடத்தின் வழியே செல்லும்படி அமைத்ததும் அவ்விடுதிக்குப் புகழ் சேர்த்தது. உள்ளே நடப்பது தெரியும்போது ஐயம் குறைகிறது. ஐயம் குறைந்தால் சினமும் குறைகிறது.

உபசாரத்தின் தரத்தை அளக்க முற்பட்டவருள் நம் நாட்டில் கல்வி தொடங்கிய அறிஞர் ஒருவரும் இருக்கிறார். ஏ. பரசுராமன் என்பவர் இந்தியாவில் பொறியியலும் நிர்வாகமும் பயின்று, அமெரிக்காவில் பேராசிரியரானவர். அவரும் வலேரி சைதாமல், லெனர்ட் பெரி ஆகிய இருவரும் சேர்ந்து 1985இலும் 1988இலும் வெளியிட்ட ஆய்வுகள், சேவைத் துறையில் இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. வாடிக்கையாளர் எதிர்பார்த்ததற்கும் பெற்றதற்கும் இடையேயுள்ள தொலைவே சேவையின் தரத்தைக் காட்டும் என்பது அவர்கள் கொள்கை. சொன்னபடி செய்தல், விரைந்து உதவுதல், நம்பிக்கை ஊட்டுதல், பிறர் நிலையில் நின்று அக்கறை கொள்ளுதல், கண்ணுக்குத் தெரியும் தூய்மையும் வசதியும் என்னும் ஐந்து கூறுகளை அவர்கள் வகுத்தனர். இவ்வைந்தினுள் நான்கு, பணியாளரின் நடத்தையைச் சார்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது. சலவைக்கல் மேசையும் மின்விளக்கும் முதலாளியின் பணத்தால் வருவன. மற்ற நான்கும் தொழிலாளியின் மனத்திலிருந்து வர வேண்டும்.

மனத்திலிருந்து வர வேண்டியதை விலை கொடுத்து வாங்கினால் என்ன நேரும்? இவ்வினாவை எழுப்பியவர் ஆர்லி ஹாக்ஸ்சைல்டு என்னும் அம்மையார். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் அவர் எழுதிய நூல், 'உணர்வுழைப்பு' என்று நாம் பெயர்க்கத்தக்க ஒரு கருத்தை உலகுக்கு அளித்தது. மூட்டை தூக்குபவர் தோளை விற்பது போல, முகமலர்ச்சியை விற்பவர் தம் உணர்ச்சியையே வேலைக்கு அமர்த்துகிறார். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நடிப்பது ஒருவகை. உண்மையாகவே எதிரில் இருப்பவர்பால் பரிவை வரவழைத்துக்கொள்வது மற்றொருவகை. முதல் வகையில் நெடுங்காலம் பணிபுரிவோர் உள்ளம் சோர்ந்து போவதைப் பிற்கால ஆய்வுகள் பலவும் காட்டியுள்ளன. 1964இல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' என்னும் திரைப்படத்தை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கே. பாலசந்தரின் கதையில் நாகேஷ் நடித்த அப்படம், சிரித்துக்கொண்டே பரிமாறும் ஒருவனுடைய நெஞ்சின் துயரத்தைத் தமிழ்நாட்டார் கண்முன் நிறுத்தியது. ஆய்வாளர் பெயர் சூட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நம் கலைஞர் அதை உணர்ந்திருந்தனர்.

மாட்டுங்காவின் பெருமையைப் பேசும்போது அதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. விடுதிகளில் உழைத்தவருள் பலர் சிறுவர்கள். விடியலுக்கு முன் எழுந்து, இரவு கடை கழுவியபின் அங்கேயே மேசைகளுக்கிடையில் பாய் விரித்து உறங்கியவர்கள். அவர்களுள் படிப்பார்வம் மிக்கவர்களுக்குப் பம்பாயின் கன்னட இரவுப் பள்ளிகள் கண்திறந்தன. 1902இல் தோன்றிய மொகவீர வியவஸ்தாபக மண்டலி போன்ற அமைப்புகள் நடத்திய அப்பள்ளிகளில், பகலில் மேசை துடைத்த பையன்கள் இரவில் புத்தகம் பிடித்தனர். எல்லோருக்கும் அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. சட்டம் மெல்ல மெல்லவே வந்தது. 1948ஆம் ஆண்டின் பம்பாய்க் கடைகள், நிறுவனங்கள் சட்டம் உணவு விடுதித் தொழிலாளரின் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டி, வார விடுமுறைக்கும் வழி செய்தது. சென்னை மாநிலத்தில் உணவு விடுதிகளுக்கென்றே 1958இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவரை உணவு விடுதிகளில் வேலைக்கு அமர்த்துவது 2006ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் முதல் தடை செய்யப்பட்டது. 2016ஆம் ஆண்டின் திருத்தம் அத்தடையை மேலும் விரிவாக்கியது. ஒரு தலைமுறைக் குழந்தைகள் தம் விளையாட்டுப் பருவத்தைக் கொடுத்து நமக்குக் காபி கொண்டுவந்தார்கள் என்பதை நன்றியோடும் சற்று நாணத்தோடும் நினைவுகூர வேண்டும்.

உபசாரம் எல்லோருக்கும் ஒருபடித்தாக இருந்ததா என்ற வினாவும் உண்டு. பழைய உணவு விடுதிகளில் சாதி பார்த்து இடம் ஒதுக்கிய வழக்கம் இருந்தது. நமது அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் விதி, உணவு விடுதிகளில் நுழைவதற்குச் சாதி, மதம் முதலியன தடையாகலாகாது என்று வெளிப்படையாகவே கூறுகிறது. அவ்வாறு கூற வேண்டியிருந்ததே அன்றைய நிலையைக் காட்டும். சென்னையில் 1957இல் பெரியார் ஈ.வெ. ராமசாமி, விடுதிப் பெயர்ப்பலகைகளிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரிக் கிளர்ச்சி நடத்தினார். முகமலர்ச்சி சிலருக்கும் முகச்சுளிப்பு சிலருக்கும் என்றிருந்தால் அதற்கு இங்கிதம் என்று பெயரில்லை. மாட்டுங்காவுக்கு அண்மையிலேயே தாராவி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த உழைப்பாளித் தமிழர் வாழும் அப்பகுதியில், விடியற்காலையில் இட்லி அவித்துச் சைக்கிளில் ஏற்றி நகரெங்கும் விற்பவர்கள் இன்றும் உள்ளனர். மேசையும் நாற்காலியும் இல்லாமல், தெருவோரத்தில் நின்றபடி, வாடிக்கையாளருக்கு எத்தனை இட்லி, எந்தச் சட்னி என்பதை நினைவில் வைத்துப் பரிமாறும் அவர்களும் இவ்வரலாற்றின் மாந்தரே.

பரிமாறுபவரின் பொறுமைக்குப் பெருஞ்சோதனை 1960களின் பிற்பகுதியில் வந்தது. 1966இல் சிவசேனை தோன்றியபின், வேலைவாய்ப்பைக் காரணமாகக் காட்டித் தென்னிந்தியருக்கு எதிரான கிளர்ச்சி எழுந்தது. உடுப்பி விடுதிகளும் தாக்குதலுக்கு ஆளாயின. அந்நாளில் கதவைத் திறந்து, அடுப்பை மூட்டி, வருவோர் எம்மொழியினராயினும் அதே முகத்தோடு அமரச் செய்தல் எளிதன்று. ஆயினும் விடுதிகள் மூடிக்கொண்டு போய்விடவில்லை. இட்லியும் தோசையும் மராத்தியரும் குஜராத்தியரும் விரும்பும் பண்டங்களாயின. ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்கா விடுதிகளின் வாசலில் காத்து நிற்கும் கூட்டத்தில் இன்று எல்லா மொழியும் கேட்கும். அரசியல் மேடையில் ஆறாத புண் ஒன்று, சாப்பாட்டு மேசையில் சிறிது சிறிதாக ஆறியது என்று கூறினால் மிகையாகாது.

தொழிலாளரின் மதிப்பு உயரும்போது உபசாரத்தின் தரம் என்னாகும் என்பதற்கு வேறோர் எடுத்துக்காட்டும் நம் நாட்டில் உண்டு. காபி வாரியம் நடத்திய காபி ஹவுஸ்கள் 1950களில் மூடப்பட்டபோது, வேலையிழந்த ஊழியர்கள் ஏ.கே. கோபாலன் முதலியோரின் துணையோடு கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, 1957 முதல் அவற்றைத் தாமே நடத்தத் தொடங்கினர். தலைப்பாகையும் வெள்ளைச் சீருடையும் அணிந்து காபி கொண்டுவருபவர், அங்கே அக்கடையின் பங்காளியுமாவார். அவர் நிமிர்ந்து நடக்கும் நடையில் பணிவு குறைந்திருக்கலாம், உண்மை கூடியிருக்கும்.

மும்பையில் 1903இல் திறக்கப்பட்ட தாஜ் மஹால் ஹோட்டலில் 2008ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்ததை உலகம் அறியும். பயங்கரவாதிகளின் தாக்குதலின்போது ஊழியர்கள் தப்பியோடாமல், விருந்தினரை வெளியேற்றுவதற்காக அங்கேயே நின்றனர். தொலைபேசிப் பிரிவினர் தத்தம் இடங்களில் இருந்தபடி அறைகளில் தங்கியிருந்தோருக்கு எச்சரிக்கை கூறினர். அவ்விடுதியின் ஊழியர் 11 பேர் உயிர் நீத்தனர். ரோகித் தேஷ்பாண்டே, அஞ்சலி ரைனா ஆகியோர் 2011இல் இதனை ஆராய்ந்து எழுதியபோது மூன்று காரணங்களை முன்வைத்தனர். பெருநகரங்களைவிடச் சிற்றூர்களிலிருந்து, மதிப்பெண்ணைவிட நற்பண்பை நோக்கி ஆள் எடுத்தல். மற்ற விடுதிகளில் ஓராண்டாக இருக்கும் பயிற்சியை ஒன்றரை ஆண்டுக்கு நீட்டித்தல். நற்செயல் புரிந்தவரை உடனுக்குடன் பாராட்டுதல் என்பன அவை. இத்தகைய தியாகத்தை எந்த வேலை ஒப்பந்தமும் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஆயினும் பணியாளரை மதித்து வளர்த்த இடத்திலேதான் அது முளைத்தது என்பது சிந்தனைக்குரியது.

இவ்வரலாற்றிலிருந்து வெளிமாநிலத் தமிழராகிய நாம் அறிந்துகொள்ளக்கூடியவை யாவை? உபசாரத்தின் தரம் என்பது ஊழியருக்கு மட்டும் விதிக்கப்படும் கடமையன்று. முதலாளி தரவேண்டியது நியாயமான ஊதியம், ஓய்வு, தெளிவான முறை, முன்னேறும் வழி. அரசு தரவேண்டியது காவலான சட்டம். இவையிரண்டும் இருந்தால், இங்கிதம் தானே வளரும்; இல்லாவிட்டால் எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தினாலும் உதட்டுச் சிரிப்பே மிஞ்சும். மூன்றாவது பங்கு உண்பவராகிய நம்முடையது. சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வாங்கலாகாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் நெறிமுறை வகுத்தது. கட்டாயம் நீங்கிய பின்னும், மனமுவந்து கொடுப்பதற்குத் தடையில்லை. காசைவிடச் சுருக்கமான கொடை ஒன்றும் உண்டு. அதட்டிக் கூப்பிடாமல், 'தம்பி' என்றோ 'அண்ணா' என்றோ அழைப்பது. தாமதமானால் அடுக்களையின் நெருக்கடியை ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது. அவர் எந்த ஊர் என்று கேட்பது.

மாட்டுங்காவில் இப்போது பரிமாறுபவர் துளு நாட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டுமென்பதில்லை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் தொழிலாளர் வருகின்றனர். அவர் பேசும் தமிழ் இன்னும் பழகாததாயிருக்கலாம். அவர் 'சாம்பார்' என்று சொல்லும் உச்சரிப்பு நமக்கு நகைப்பைத் தரலாம். நம் தந்தையரும் பாட்டனாரும் இந்நகரில் முதன்முதலாக மராத்தி பேசியபோது, கேட்டவர்களுக்கும் அவ்வாறே இருந்திருக்கும். முதல் தலைமுறையினரின் பசியைப் புரிந்துகொண்டு ஒரு கை சோறு கூடுதலாக வைத்தவர்களுக்கு நாம் பட்ட கடன், இன்று நம் எதிரே தட்டேந்தி நிற்கும் புதியவரிடம் காட்டும் பரிவினால்தான் தீரும்.